கவாத்து மாமா கத்தி வைக்காத செடி

கடவுள் அவசரத்தில் கோணலாகப் படைத்துவிட்ட அத்தனையையும் நேராக்கிவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று ஒற்றை ஆளாகக் கிளம்பியவர் எங்கள் கவாத்து மாமா. மேகமலையின் உச்சியை இன்னும் விட்டுவைத்திருக்கிறார் என்றால் அதற்கு ஒரே காரணம், கத்தி எட்டவில்லை.

ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி விசாரித்தால் மலையில் ஒருவருக்கும் தெரியாது. தேயிலைச் செடியின் தலையை வெட்டி, மேஜைபோல மட்டமாக்கி, புதுக் கொழுந்து விடவைக்கும் வேலைக்குக் கவாத்து என்று பெயர். எங்கள் எஸ்டேட்டில் அந்த வேலைக்கு இவர்தான் கங்காணி. தோட்டத்துக் கவாத்து அதற்குரிய பருவத்தில் முடிந்துவிடும். இவர் கை மட்டும் முடியாது. அரிக்கும். அரிப்பெடுத்த கையோடு வீட்டுக்கு வருவார். வீட்டைச் சுற்றி நாங்கள் இருந்தோம்.

என் மனைவி அமுதா எஸ்டேட் மருந்தகத்தில் நர்ஸ். சின்னமனூரிலிருந்து வளைந்து வளைந்து ஏறிய பஸ்ஸில் குடல் தொண்டைக்கு வந்து நின்ற ஒரு மத்தியானம் நாங்கள் இங்கே குடிவந்தோம். லைன் என்று சொல்லும் எஸ்டேட் வரிசை வீடுகளில் ஒன்றில் பெட்டியைக் கீழே வைக்குமுன், பக்கத்து வீட்டு வேலிக்கு மேலே ஒரு தலை முளைத்தது. குரங்குத் தொப்பி, அதற்குள்ளே ஒரு மீசை, ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல இரு முனையும் ஒரே கோட்டில்.

“வாங்க மாப்ள, வாங்க. ஒங்களுக்கு வலப்பக்கத்து முடி கொஞ்சம் தூக்கலா நிக்கிதே, யாரும் சொல்லலையா?”

அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு. மறுநாள் அமுதா துணி காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கொடியில் சேலை, துண்டு, என் லுங்கி, கால்சட்டை எல்லாம் அடி ஒரே மட்டத்தில் தொங்கின. நீளம் கூடியதை மாமா மடித்து விட்டிருந்தார். குறைந்ததை என்ன செய்வது? கைக்குட்டைகளுக்குக் கீழே கல்லைக் கட்டி இழுத்து விட்டிருந்தார்.

எஸ்டேட் மேனேஜர் பங்களாவில் ஒருமுறை வேலிச்செடியை மயில் வடிவத்தில் வளர்த்தார்கள். வளர்த்து ஆளாக்க வருடங்கள் ஆயின. தோட்டக்காரர் ஊருக்குப் போன நேரம் பார்த்து, “சும்மா ரெண்டு கிள்ளு கிள்ளிட்டு வாங்க” என்று மாமாவை அனுப்பினார்கள். மத்தியானத்துக்குள் மயில் இல்லை. பச்சைப் பெஞ்சு ஒன்று இருந்தது. கேட்டதற்கு, “முதுகு மேடா இருந்துச்சுங்க. கழுத்து அதுக்கும் மேல. எங்கிட்டுப் பாத்தாலும் மட்டம் சேரல” என்றாராம். அந்தப் பெஞ்சில் உட்காரவும் முடியாது, அதை மயில் என்று சொல்லவும் முடியாது. இன்றும் இருக்கிறது.

இவரை மாசி மாதத்தில் பார்க்க வேண்டும்.

தை முழுக்க இங்கே பூமி வாய் திறக்காது. காலையில் புல்நுனியெல்லாம் பனி, உப்புத் தூவினாற்போல விறைத்துக் கிடக்கும். ரோஜாக்கள் வெறும் முள்ளாய் நிற்கும். டேலியாக்கள் கருகித் தலை தொங்கிவிடும். லைன் வீடுகள் புகையைப் போர்த்திக்கொண்டு ஒன்றோடொன்று ஒண்டிக் கிடக்கும். பேசினால் வார்த்தைக்கு முன்னால் ஆவி வரும். பிறகு மாசியில் ஒரு காலை, வெயில் மலைமுகட்டைத் தாண்டி இறங்கும்போது, காற்றில் என்னவோ ஒன்று அவிழும். அது எனக்குத் தெரியாது, அமுதாவுக்குத் தெரியாது. மாமா மட்டும் முற்றத்தில் மண்டிபோட்டு, உள்ளங்கையை மண்ணில் பதித்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார். பிறகு ஒரு கத்தல்.

“முழிச்சிருச்சு! ஏலே, மண்ணு முழிச்சிருச்சு! எந்திரிங்கலே எல்லாரும்!”

தகரத்தைத் தட்டிக்கொண்டு லைன் முழுக்க ஓடுவார். ஸ்வெட்டரும் மப்ளருமாய் ஜனம் வெளியே வரும். அப்புறம் அந்தக் களேபரத்தைச் சொல்லி மாளாது. சருகு கூட்டு, ரோஜாவை வெட்டு, மண்ணைக் கொத்து, சாம்பலைத் தூவு, டேலியாக் கிழங்கைத் தோண்டிப் பிரி, கேரட் விதை எங்கே, சாணி எங்கே, சாய்ந்த வேலிக்குக் கம்பு எங்கே! கொத்தின மண்ணிலிருந்து ஈரவாடை கிளம்பி மூக்கில் ஏறும். மண்புழு நெளியும். குருவிகள் அதற்கு வரிசையில் நிற்கும். பெண்கள் பாதி சமையலில் வந்து நின்று “என் ரோஜாவத் தொடாதீக மாமா, நானே வெட்டிக்கிறேன்” என்று கெஞ்சுவார்கள். அவர் ஏற்கெனவே வெட்டி முடித்து அடுத்த வீட்டில் இருப்பார். எனக்கு அந்த ஒரு நாளில் பதினெட்டு வயசு திரும்பிவரும். முதுகு மட்டும் வராது.

எல்லாக் காலமும் அவர் கணக்குச் சரியாக இருந்ததென்று சொல்ல முடியாது. ஒரு வருடம் மண் விழித்ததாக அறிவித்த மறுநாளே பனி கொட்டி, நாங்கள் ஊன்றிய பீன்ஸெல்லாம் கருகிப்போயின. அவரிடம் போய் நின்றோம்.

“முழிக்கத்தான் செஞ்சுச்சு மாப்ள” என்றார், அசராமல். “திரும்பப் படுத்துருச்சு.”

இந்த மாசிக் கொண்டாட்டம் முழுவதற்கும் ஓர் அடிக்காரணம் உண்டு. அது அத்தை. மாமாவின் மனைவி. அத்தைக்கு மூச்சிரைப்பு. குளிர் தொடங்கும்போது கீழே குச்சனூரில் இருக்கும் தம்பி வீட்டுக்கு இறங்கிவிடுவாள். பங்குனியில் மேலே வருவாள். அவள் வந்து இறங்கும்போது முற்றம் துடைத்துவிட்டதுபோல இருக்க வேண்டும் என்பதற்குத்தான் மனிதர் இந்தப் பாடு படுவது. தன் முற்றம் முடிந்ததும் பாக்கி உற்சாகம் எங்கள் முற்றத்துக்குள் வழிந்துவிடும், அவ்வளவுதான்.

வினை வந்தது ஹைட்ராஞ்சியாவில். எங்கள் லைனில் அதைப் பந்துப்பூ என்போம்; நீலநீலமாய்ப் பந்து பந்தாய்ப் பூக்கும் புதர். அத்தையின் படுக்கைக்கு நேர் எதிரே, சன்னலுக்கு வெளியே நிற்கிறது. போன மாசிக்கு முந்தின மாசியில் மாமா அதைத் தேயிலை மட்டத்துக்கு நறுக்கித் தள்ளிவிட்டார். செடி சாகவில்லை. தளதளவென்று இலை விட்டது. பூதான் ஒன்றுகூட வரவில்லை.

அமுதா செல்போனில் தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள். “மாமா, இது போன வருசத்துக் குச்சியிலதான் மொட்டு வைக்குமாம். மாசியில வெட்டுனா அந்த வருசத்துப் பூவையே வெட்டி எறிஞ்ச மாதிரியாம்.”

“என்ன தாயி சொல்ற? தலைய வெட்டுனாத்தான கொழுந்து வரும்?”

“அது தேயிலை.”

“இது மட்டும் என்ன, கலெக்டர் வீட்டுச் செடியா?”

தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதர். உலகத்தில் உள்ள செடியெல்லாம் தேயிலைக்குச் சித்தப்பன் பெரியப்பன் மக்கள் என்பது அவர் முடிவு.

போன மாசியில், மண் விழித்த அன்றைக்கே, அத்தையிடமிருந்து போன் வந்தது. மலையில் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். உத்தமபாளையத்து ராவுத்தர் ஒருவர் மலைரோட்டு வளைவில் நடத்தும் மளிகைக்கடை வாசல். அங்கே நின்று பேசினால் குடும்ப ரகசியம் அரிசி மூட்டைவரை கேட்கும். அமுதாவின் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக் கொடுத்தோம்.

“இந்தா பாருங்க” என்றது அத்தையின் குரல், நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு. “மழைக்காலம் பூராம் நான் கதவ அடைச்சுக்கிட்டுக் கட்டில்ல கெடக்கேன். சன்னல் வழியா எனக்குத் தெரியிறது அந்தப் பந்துப்பூ ஒண்ணுதான். அது இல்லைன்னா உங்க மூஞ்சி. போன வருசம் பூவையும் வெட்டிட்டீக. வெறும் மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் எம்புட்டு நாளைக்குப் பாக்க?”

ராவுத்தர் சிரிப்பை அடக்கப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் குனிந்தார்.

“எந்தம்பி எனக்குன்னு ஒரு ரூம்பு கட்டிட்டான். இங்கனயே இருந்துக்கக்கான்றான். டாக்டரும் மேல போகாதன்றாரு. இந்த வருசம் அந்தச் செடியில கத்தி வச்சீகன்னு தெரிஞ்சுச்சு, நான் வரமாட்டேன். இனிமே எப்பவும் வரமாட்டேன். சனீஸ்வரன் மேல சத்தியம்.”

போன் அணைந்தது. மாமாவின் மீசை முதன்முறையாக ஒரு பக்கம் இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

“குச்சனூர்ல இருந்துக்கிட்டு அந்த ஊருச் சனீஸ்வரன் மேலயே சத்தியம் பண்ணிட்டாகளே. திரும்ப வாங்க முடியாதே மாமா” என்றார் ராவுத்தர்.

“சும்மா இருங்க பாய். ஒங்க தாடியே இடப்பக்கம் ரெண்டு முடி தெறிச்சு நிக்கிது.”

அன்றிலிருந்து தொடங்கியது திருவிழா. ஊர்ச் செடியெல்லாம் தலை இழந்து மட்டமாக நிற்க, நடுவில் பந்துப்பூ மட்டும் குச்சி குச்சியாய், ஒன்று நீண்டு ஒன்று குட்டையாய், சீப்பே காணாத தலைபோல நின்றது. மாமா அதன் பக்கம் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு! முதலில் அத்தையின் பழைய சேலையை எடுத்து அதன்மேல் போர்த்தினார். “வெயில் படாட்டி மொட்டு எப்பிடி வரும்?” என்று அமுதா கேட்கவும் சேலையை உருவினார். நாற்காலியை அதற்கு முதுகு காட்டிப் போட்டு உட்கார்ந்தார். பிடரி அரிக்கிறதென்று எழுந்துவிட்டார். கத்தியை என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, “கேட்டாலும் தராதீக மாப்ள” என்றார். டீ குடித்து முடிக்குமுன் வேலியில் தலை முளைத்தது.

“மாப்ள, கத்தியக் கொஞ்சம் குடுங்க. தேங்கா ஒடைக்கணும்.”

“வீட்டில அருவா இல்லையா மாமா?”

“இருக்கு. அது மொட்டையா இருக்கு.”

“தேங்காய்?”

கொஞ்சம் யோசித்தார். “தேங்கா இல்ல” என்று ஒப்புக்கொண்டு இறங்கிவிட்டார்.

லைனே காவல் காத்தது. கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் வேலியோரம் நின்று, “மாமா, கையக் காட்டுங்க!” என்று சோதனை போட்டுவிட்டுப் போவார்கள். தினமும் அமுதா செடியைப் போட்டோ எடுத்து, வளைவுக்கு நடந்து, குச்சனூருக்கு அனுப்புவாள். பின்னாலேயே மாமாவும் போவார். அங்கேயிருந்து விசாரணை வரும்.

“வலப்பக்கம் ஒரு குச்சி குட்டையா இருக்கே. வெட்டுனீகளா?”

“காத்துல சாஞ்சு நிக்கிது ஆத்தா! தாயி, நிமுத்திப் புடிச்சு இன்னொரு போட்டோ எடு, இல்லைன்னா நம்பமாட்டா!”

மாசி முடியப்போகிற ஒரு காலையில் அவர் கத்தின கத்தலில் நான் சவரக்கத்தியைக் கீழே போட்டேன். ஓடினோம். காய்ந்த குச்சிகளின் நுனியில், இன்னும் பிரியாத குட்டிக் கைமுட்டிகள்போல, பச்சை மொட்டுகள். ஒன்றில்லை, குச்சிக்குக் குச்சி! மாமா செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து குனிந்து ஒவ்வொன்றாய் முகர்ந்தார். எனக்கும் நெஞ்சு குதித்தது. ஐம்பதை நெருங்குகிற ஆள் ஒரு குச்சியின் நுனியைப் பார்த்து விசிலடிக்கலாமா என்று யோசிக்கவே தோன்றவில்லை, அடித்துவிட்டேன். அத்தை போட்டோவைப் பார்த்துவிட்டு, “பங்குனி பொறக்கவும் வாரேன்” என்று சொன்னாள். மாமா ராவுத்தர் கடையில் எல்லோருக்கும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்.

பங்குனி பிறக்குமுன் காட்டுமாடு வந்தது.

இந்த மலையில் காட்டுமாடு வருவது அதிசயமில்லை. எருமைக்கு அண்ணன்போல ஓர் உருவம் விடிகாலையில் தேயிலைக்குள்ளிருந்து எழுந்து, ரோட்டைத் தாண்டி, வேலியை வேலியென்று மதிக்காமல் நடந்துபோகும். அன்றைக்கு மாமா வீட்டு வேலி வழியாகப் போயிருக்கிறது. போகிற போக்கில் பந்துப்பூவில் ஒரு பாதியை மென்று, மிதித்து, கிழித்துவிட்டுப் போய்விட்டது. விடிந்தபோது மாமா எங்கள் கதவைத் தட்டினார்.

“மாப்ள… போச்சு.”

இடப்பாதி அப்படியே இருந்தது, மொட்டும் இலையுமாய். வலப்பாதியில் நார் நாராய்க் கிழிந்த கட்டைகள். ஒன்று முறிந்து தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குளம்புத் தடம், ஒரு பெரிய சாணிக் குவியல்.

செய்தி வளைவுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, ஊரில் ஒருவர்கூட மாட்டைச் சந்தேகப்படவில்லை.

“மாமா, கை தவறிப் பட்டிருச்சுன்னு சொல்லிருங்க. வாயில்லாச் சீவன் மேல பழியப் போடாதீக” என்றார் ராவுத்தர், மெதுவாகவே.

“மாடு பாய்! மாடு! வந்து சாணியப் பாருங்க!”

மாசி மாதத்தில் ஒரு கை சாணிக்காக நாலு வீட்டோடு சண்டை போடுகிற மனிதர், அந்தக் குவியலை ஒருவரையும் தொடவிடவில்லை. மேலே கூடையைக் கவிழ்த்து, கூடைமேல் கல்லை வைத்து, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதுதான் சாட்சி.

அமுதாதான் கேட்டாள். “போட்டோ அனுப்பணுமா மாமா? இடப்பக்கம் மட்டும் எடுத்து அனுப்பட்டுமா?”

“முழுசாப் போடு தாயி.”

“சரி. ஆனா கிழிஞ்ச நுனியச் சுத்தமா வெட்டி விட்டிருங்க. அப்பிடியே விட்டா அழுகல் எறங்கும்.”

அவர் தொங்கிய குச்சியைப் பார்த்தார். விரல்கள் தாமாகவே கத்தி பிடிக்கிற தோரணையில் மடங்கின. ஒரே ஒரு வெட்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் வெட்டிவிடுவார். கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“கத்தி வைக்கக் கூடாதுன்னு சொல்லிருக்கா” என்றார்.

போட்டோ போயிற்று. பார்த்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. மாமா சோறு உண்ணவில்லை. கூடைக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்த முறிந்த குச்சி காற்றில் ஆடும்போதெல்லாம் அவர் தோள் துடிப்பதை வேலிக்கு இந்தப் பக்கமிருந்தே பார்க்க முடிந்தது.

மறுநாள் பஸ்ஸில் அத்தை வந்து இறங்கினாள். கையில் ஒரு சின்னப் பை மட்டும். போர்வை இல்லை, பெட்டி இல்லை. தங்க வந்தவள் கையில் இருக்க வேண்டிய எதுவும் இல்லை. லைன் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. ராவுத்தர் கடையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் வந்தார். அத்தை மூச்சுக்கு நின்று நின்று நடந்துவந்து, செடியின் முன்னால் நின்றாள்.

மாமா எழுந்து கூடையைத் தூக்கினார். “இந்தா பாரு சாட்சி.”

“சாணிய மூடிவச்சுக் காவக் காக்குற ஆளு உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்” என்றாள் அத்தை. சிரிக்கவில்லை. “சாணி இருந்தா? மாடு வந்துச்சுன்னுதான் அர்த்தம். நீங்க வெட்டலைன்னு ஆயிருமா?”

மாமா கூடையைக் கீழே போட்டார். பிறகு வெடித்துவிட்டார்.

“ஏ, கண்ணத் தொறந்து பாருத்தா! இதப் பாரு, எம்புட்டு அசிங்கமா இருக்கு! ஒண்ணு மொழங்காலுக்கு, ஒண்ணு இடுப்புக்கு! நான் வெட்டுனா இப்பிடியா இருக்கும்? எங்கையால இப்பிடி ஒரு கோணல வெட்டிப்புட்டு நான் உசுரோட இருப்பனா?”

முற்றத்தில் யாரோ களுக்கென்றார்கள். அத்தை குனிந்தாள். கிழிந்த நுனி ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். நார், நார், நார். தோலில் தொங்கிக்கொண்டிருந்த அந்தக் குச்சியில் அவள் கை நின்றது.

“இதையும் இப்பிடியேவா விட்டு வச்சிருக்கீக?”

“ம்.”

“கண்ணு முன்னால தொங்கிக்கிட்டு கெடந்துச்சு. சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீகளா? நீங்க?”

“நீதான சொன்ன” என்றார் மாமா.

அத்தை சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலா சிரிப்பா தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. அமுதா மூச்சு மருந்தை எடுத்து நீட்டினாள். அதை இழுத்து அடக்கிக்கொண்டு, அத்தை என் பக்கம் திரும்பி, “தம்பி, அவுக கத்தி ஒங்ககிட்டதான இருக்கு? எடுத்தாங்க” என்றாள்.

கொண்டுவந்து கொடுத்தேன். அவள் அதை வாங்கி மாமாவின் கையில் வைத்தாள்.

“கிழிஞ்சத மட்டும்.”

வாழ்நாளில் ஏக்கர் ஏக்கராகக் கவாத்து வெட்டிய மனிதர். அன்றைக்கு ஒவ்வொரு குச்சிக்கும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். “இங்கனயா?” என்பார். “கொஞ்சம் மேல” என்பாள். வெட்டுவார். “இதுல?” “அது இருக்கட்டும்.” விட்டுவிடுவார். கடைசிக் குச்சி முடிந்ததும் கத்தியை மடியில் துடைத்துக்கொண்டு, “போதுமா?” என்று கேட்டார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் கேட்டது அதுதான் முதல்முறை.

அத்தை அமுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வளைவுவரை நடந்தாள். “தம்பி, எம்போர்வை, பெட்டி எல்லாத்தையும் நாளைக்கு ஜீப்புல ஏத்தி விடு. ரூம்ப நெல்லு போட வச்சுக்க” என்று அவள் குச்சனூர்த் தம்பிக்குப் போனில் சொன்னது அரிசி மூட்டைவரை கேட்டது.

மழை தொடங்கியபோது பந்துப்பூ பூத்தது. இடப்பக்கம் மட்டும். அந்தப் பாதி முழுக்க நீலமாய்க் கனத்துச் சாய, வலப்பக்கம் இலையைத் தவிர ஒன்றுமில்லை. ரோட்டில் போகிறவருக்கும் தெரிகிற கோணல். சன்னலுக்கு உள்ளே அத்தை கட்டிலில் இருப்பாள். வெளியே தாழ்வாரத்தில், சாரல் படாத இடத்தில், மாமா டீயோடு உட்கார்ந்திருப்பார், தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்துக்கொண்டு. கழுத்து பிடித்துக்கொண்டதோ என்று நான் போய்க் கேட்டேன்.

“இல்ல மாப்ள. இப்பிடி வச்சுக்கிட்டுப் பாருங்களேன்.”

பக்கத்தில் உட்கார்ந்து நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். உண்மைதான். செடி மட்டமாகத்தான் இருந்தது.